வலி தெரியாமல் ஐயுடி மாற்ற வேண்டும்: இன்ஷூரன்ஸ் பணம் தருமா?

வாசகி கேள்வி: எனக்கு 36 வயது. நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். ஆறு வருடத்துக்கு முன்னால் மிரேனா ஐயுடி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொண்டேன். வருவதற்கு முன்பு ஐபுப்ரோஃபென் மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்கள், அவ்வளவுதான். வலியில் கண் இருட்டி மேசையிலேயே மயங்கிவிட்டேன். அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. இப்போது அதை எடுத்துவிட்டு வேறு போட வேண்டும் என்கிறார்கள். நினைத்தாலே கை நடுங்குகிறது. மயக்க மருந்து கொடுங்கள் என்று கேட்டேன். "செய்யலாம், ஆனால் சர்ஜரி சென்டரில்தான். இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளுமா தெரியாது" என்றார்கள். இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தேன். கருத்தடைக்கு நாங்கள் எதுவும் கட்ட வேண்டாம், மயக்க மருந்து மட்டும் டிடக்டிபிளில் போகும் என்றார்கள். எங்கள் டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன்பு நாங்களே கட்ட வேண்டிய தொகை, 3,000 டாலர். என் கணவருடைய கம்பெனி பிளான் இது. "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா?" என்கிறார் நாத்தனார். பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்ளட்டுமா? பெயர் வேண்டாம்.

பதில்:

வேண்டாம் அம்மா, பல்லைக் கடிக்க வேண்டாம். நான் பல வருடம் ஒரு மகளிர் கிளினிக்கில் பில்லிங் பார்த்தேன். இப்போது இன்ஷூரன்ஸ் மறுத்த பில்களை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு உதவுகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் கதையை வேறு வேறு பெண்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். போனில் உங்களுக்குச் சொன்ன பதில் முழுமையானது இல்லை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் நாத்தனார் சொன்னது. இரண்டும் சிசேரியன் என்று எழுதியிருக்கிறீர்கள். சுகப்பிரசவத்தில் கருப்பை வாய் விரிந்து குழந்தைக்கு வழிவிடுகிறது. அப்படிப் பிரசவமானவர்களுக்கு ஐயுடி போடும்போது பொதுவாக வலி குறைவு. அந்த வழியில் பிரசவமே ஆகாதவர்களுக்கு வலி கூடுதலாக இருக்கும் வாய்ப்பு உண்டு. ஆக, நாத்தனாரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு ஒரு தடவை மயக்கமும் வந்திருக்கிறது. கருப்பை வாயைச் சீண்டும்போது நரம்பு வழியாக இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வரும் மயக்கம் அது. மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம், உங்கள் பயத்தில் முளைத்தது கிடையாது.

ஒரு தோழிக்குத் துணையாக ஒருமுறை அந்த அறைக்குள் போனேன். கருப்பை வாய் நகராமல் இருக்க, நுனியில் கூரான இரண்டு பல் உள்ள ஒரு நீண்ட இடுக்கியால் அதைக் கவ்விப் பிடித்தார்கள். பிறகு கருப்பையின் ஆழத்தை அளக்க ஒரு மெல்லிய கம்பி உள்ளே போனது. அதற்கப்புறம்தான் ஐயுடி உள்ள குழாய். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் முடிந்ததும் பார்த்தேன், மேசையில் விரித்திருந்த காகிதம் அவள் பிடித்திருந்த இடத்தில் இரண்டாகக் கிழிந்திருந்தது. கிழித்தது அவளுக்கே தெரியவில்லை. பல் பிடுங்கப் போனால் ஈறை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் கையை வைக்கிறார்கள். ஆண்களுக்குச் செய்யும் வாசெக்டமியும் மரத்துப்போகும் மருந்து கொடுத்துத்தான் நடக்கிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் பெண் கேட்டு வாங்க வேண்டியிருப்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மருத்துவ உலகமும் இப்போது மாறிக்கொண்டு வருகிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி தன் கருத்தடை வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. ஐயுடி போடும் முன்பு எல்லாப் பெண்களிடமும் வலியைப் பற்றிப் பேச வேண்டும், அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டு வலிக்கு ஒரு திட்டம் போட வேண்டும் என்று அதில் இருக்கிறது. லிடோகெய்ன் என்னும் மரத்துப்போகும் மருந்து, கருப்பை வாயைச் சுற்றிப் போடும் ஊசியாகவோ மேலே தடவும் ஜெல், கிரீம், ஸ்ப்ரேயாகவோ, வலியைக் குறைக்க உதவலாம் என்றும் சொல்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் 2025 மே மாதம் இதே திசையில் பேசியது. கிளினிக்கில் செய்யும் இந்த மாதிரிச் சிகிச்சைகளுக்கு வலி குறைக்கும் வழிகளை மருத்துவர்களே முன்வந்து சொல்ல வேண்டும் என்றது. ஆகவே, நீங்கள் டாக்டரிடம் கேட்பது சலுகை ஒன்றும் இல்லை.

சரி, இனி பணத்துக்கு வருவோம்.

2010-ல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டத்தின்படி, பெரும்பாலான பிளான்கள் தடுப்பு மருத்துவச் சேவைகளை முழுக்க இலவசமாகத் தர வேண்டும். நெட்வொர்க்குக்குள், அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டரிடம் போனால், டிடக்டிபிளும் கிடையாது, ஒவ்வொரு தடவையும் நாம் கட்டும் கோ-பேயும் கிடையாது. 2012 ஆகஸ்டிலிருந்து பெண்களுக்கான கருத்தடை முறைகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. போடுவது மட்டுமில்லாமல் எடுப்பதும் மாற்றுவதும்கூட இதற்குள் வரும்.

உங்களுக்கு மிகவும் தேவையான வரி 2022 ஜூலை 28 அன்று வந்தது. தொழிலாளர் துறை, சுகாதாரத் துறை, கருவூலத் துறை மூன்றும் சேர்ந்து கேள்வி-பதில் வடிவில் ஒரு விளக்கம் வெளியிட்டன. வரிசையில் அது 54-ஆவது பகுதி. தடுப்புச் சேவையைக் கொடுப்பதற்கு இன்றியமையாத பொருட்களும் சேவைகளும் அந்தச் சேவையோடு சேர்ந்தவையே, அவற்றையும் இலவசமாகத்தான் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. இரண்டு உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, கருக்குழாய் கட்டும் அறுவைச் சிகிச்சைக்குத் தேவைப்படும் மயக்க மருந்து. இன்னொன்று, ஐயுடி போடும் முன்பு செய்யும் கர்ப்பப் பரிசோதனை. இந்த "54-ஆவது பகுதி" என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசும்போதும் அப்பீல் எழுதும்போதும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஐயுடிக்கான மயக்க மருந்து என்று அந்த விளக்கத்தில் வார்த்தைக்கு வார்த்தை இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே உள்ள சொல் "தேவைப்படும்" என்பது. உங்கள் பிளான் இந்த இடத்தில்தான் பிடிக்கும்: "ஐயுடியை மயக்க மருந்து இல்லாமலும் போடலாமே, இவருக்கு ஏன் தேவை?" அதற்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் டாக்டர். சென்ற முறை மயங்கி விழுந்தது உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிளினிக்கின் நோயாளி போர்ட்டலில், அதாவது உங்கள் குறிப்புகளைப் பார்க்கும் இணையதளத்தில், அந்த நாளின் குறிப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். பல நேரம் "நோயாளி நன்றாகத் தாங்கிக்கொண்டார்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அப்படி இருந்தால், நடந்ததை நடந்தபடி குறிப்பில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். அப்புறம் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். முன்பு வந்த மயக்கம், சுகப்பிரசவம் ஆகாதது, மாத்திரை மட்டும் போதாமல் போனது, இந்தக் காரணங்களால் இவருக்கு இன்ன வகை வலி நிவாரணம் மருத்துவ ரீதியாகத் தேவை என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். "நோயாளி விரும்புகிறார்" என்று எழுதினால் பிளான் அதையே காரணம் காட்டித் தட்டிக்கழிக்கும்.

இன்ஷூரன்ஸ் போனில் டிடக்டிபிள் என்று ஏன் சொன்னார்கள்? பேசியவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நீங்கள் "மயக்க மருந்து" என்று கேட்டதும் அவர் திரையில் அறுவைச் சிகிச்சைப் பகுதியைத் திறந்திருப்பார். அங்கே டிடக்டிபிள் என்றுதான் இருக்கும். ஐயுடியோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவரிடம் எந்தக் குறியீடும் நீங்கள் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் சாதனத்துக்கும் பில்லில் ஒரு குறியீட்டு எண் உண்டு, இன்ஷூரன்ஸ் கணினிக்கு அதுதான் பாஷை.

ஒரு பெண் என்னிடம் கொண்டுவந்த ஈஓபி, அதாவது இன்ஷூரன்ஸ் அனுப்பும் கணக்கு விளக்கத் தாள், இன்னும் நினைவில் இருக்கிறது. 58301, பழைய ஐயுடியை எடுத்தது, அவர் கட்ட வேண்டியது பூஜ்யம். 58300, புதிதாகப் போட்டது, பூஜ்யம். ஜே7298, மிரேனா சாதனம், பூஜ்யம். எல்லாம் சரி. இரண்டு வாரம் கழித்துத் தனியாக இன்னொரு தாள் வந்தது, மயக்க மருந்து டாக்டருடைய பில். அதில் முழுத் தொகையும் அவர் தலையில். காரணத்தைத் தேடியபோது, அந்தப் பில்லில் கருத்தடை என்பதைக் காட்டும் நோய்க் குறியீடே இல்லை. மயக்க மருந்து டாக்டரின் பில்லிங் வேறு கம்பெனி, வேறு ஊர். அவர்கள் வயிற்று வலி என்று ஏதோ பொதுக் குறியீட்டைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் கணினிக்கு அது கருத்தடையோடு சம்பந்தமில்லாத சாதாரண சர்ஜரி. குறியீட்டைத் திருத்தி மறுபடி அனுப்ப வைத்தோம். அந்தத் தாளும் பூஜ்யமாகத் திரும்பி வந்தது.

அதனால் தேதி வாங்குவதற்கு முன்பே கிளினிக்கின் பில்லிங் பகுதியைக் கூப்பிட்டு, என்னென்ன குறியீடு போடப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதற்கான நோய்க் குறியீடு இசட் 30.433. கிளினிக், சர்ஜரி சென்டர், மயக்க மருந்து டாக்டர் மூன்று பேரின் பில்லிலும் இது இருக்க வேண்டும். தடுப்புச் சேவை என்பதைக் காட்ட 33 என்று ஒரு கூடுதல் குறியும் உண்டு, அதை மயக்க மருந்து பில்லில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். பில்லிங்கில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பின்னால் மறுக்கப்பட்ட பில்லை வைத்துக்கொண்டு மாரடிப்பதைவிட முன்னால் பேசுவது எங்களுக்கும் சுலபம்.

அந்தக் குறியீடுகளோடு இன்ஷூரன்ஸை மறுபடி கூப்பிடுங்கள். இந்த முறை "மயக்க மருந்துக்குப் பணம் உண்டா" என்று கேட்காதீர்கள். "58300 என் பிளானில் தடுப்புச் சேவை. அதற்கு இன்றியமையாத மயக்க மருந்தை, 54-ஆவது பகுதி விளக்கத்தின்படி, எந்தக் கட்டணமும் இல்லாமல் தருகிறீர்களா? செய்வதற்கு முன்பே எழுத்தில் முடிவு சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி, அழைப்பின் ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பித் தேதி வாங்க வேண்டாம். போனிலேயே "நாங்கள் சொல்வது பணம் தருவதற்கு உத்தரவாதம் ஆகாது" என்று பதிவுக் குரல் சொல்லும், கவனித்திருப்பீர்கள்.

இதற்கிடையில் டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சர்ஜரி சென்டரும் மயக்க மருந்தும்தான் வேண்டுமா, அல்லது கிளினிக்கிலேயே கருப்பை வாயைச் சுற்றி லிடோகெய்ன் ஊசி போட்டுச் செய்தால் போதுமா? ஊசி போடும்போது ஒரு சுருக் இருக்கும். அதன் பிறகு இடுக்கி பிடிக்கும்போதும் கம்பி போகும்போதும் வரும் வலி பலருக்குக் குறையலாம். பதற்றத்துக்கு முன்கூட்டியே ஒரு மாத்திரையும் சேர்த்துத் தருகிறவர்கள் உண்டு. போடும் டாக்டரே கொடுக்கும் இந்த ஊசியைப் பல பிளான்கள் 58300-க்குள் அடக்கம் என்று கணக்கு வைக்கின்றன. உங்களுக்குத் தனி பில் பெரும்பாலும் வராது. கிளினிக்குக்கோ கூடுதல் நேரமும் கூடுதல் மருந்தும் செலவாகும், ஆனால் தனி வருமானம் கிடையாது. நிறைய இடங்களில் இதைத் தாமாகச் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். உங்கள் டாக்டர் இந்த ஊசி போட்டுப் பழகாதவர் என்றால், பழகிய வேறொருவரை நெட்வொர்க்குக்குள்ளேயே தேடலாம்.

ஆனால் உங்கள் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசி போதாது, தூங்கவைத்துத்தான் செய்ய வேண்டும் என்று நீங்களும் டாக்டரும் முடிவு செய்தால் அதையே செய்யுங்கள். சர்ஜரி சென்டர் உங்கள் நெட்வொர்க்கில் இருப்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மயக்க மருந்து டாக்டர் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ளவராக இருந்துவிடுவாரோ என்று முன்பெல்லாம் பயப்பட வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 1 முதல் நோ சர்ப்ரைசஸ் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நெட்வொர்க்கில் உள்ள இடத்தில், பிளான் ஏற்கும் சேவைக்கு, வெளி மயக்க மருந்து டாக்டர் மிச்சத் தொகை என்று உங்களிடம் தனியாக வசூலிக்க முடியாது. அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சொல்லி உங்களிடம் கையெழுத்து வாங்கவும் மயக்க மருந்து டாக்டருக்கு அனுமதி இல்லை. காலையில் அவசரமாக நீட்டும் காகிதங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மறுத்துவிட்டால்? மறுப்பு வந்த நாளிலிருந்து அப்பீல் செய்ய 180 நாள் இருக்கிறது. சிகிச்சைக்கு முன் கேட்ட அனுமதி என்றால் 30 நாளுக்குள்ளும், முடிந்த பிறகு வந்த பில் என்றால் 60 நாளுக்குள்ளும் பிளான் பதில் சொல்ல வேண்டும். அப்பீல் ஒரு பக்கம் போதும். டாக்டரின் கடிதம், சென்ற முறை மயங்கியதைச் சொல்லும் குறிப்பு, 2022 விளக்கத்தில் மயக்க மருந்து பற்றிய அந்தப் பத்தியின் நகல் மூன்றையும் இணையுங்கள். கோபத்தை எழுதாதீர்கள், தேதிகளை எழுதுங்கள். அதையும் தள்ளினால், "தேவையில்லை" என்ற மருத்துவக் காரணம் சொல்லித் தள்ளிய வழக்குகளை வெளியாள் பரிசீலனைக்குக் கொண்டுபோகலாம். அதற்கு நான்கு மாத அவகாசம். பிளானோடு சம்பந்தமில்லாத மருத்துவர்கள் பார்ப்பார்கள், அவர்கள் முடிவு பிளானைக் கட்டுப்படுத்தும். நான் பார்த்தவரை, முதல் மறுப்போடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கணவரிடம் சொல்லி அவர் கம்பெனி மனிதவளத் துறையில் ஒரு விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள். பிளானுக்குப் பணம் போடுவது கம்பெனியா, இன்ஷூரன்ஸ் நிறுவனமா? பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் கம்பெனியே பணம் போடும், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கணக்கு மட்டும் பார்க்கும். அப்படி என்றால் புகார் போக வேண்டிய இடம் மத்தியத் தொழிலாளர் துறையின் பணியாளர் நலப் பிரிவு, 1-866-444-3272 என்ற எண்ணில் கூப்பிடலாம், கட்டணமில்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனமே பணம் போடுகிறது என்றால் மாநில இன்ஷூரன்ஸ் துறைக்கு எழுத வேண்டும். 2010-க்கு முன்பிருந்து பெரிதாக மாறாமல் தொடரும் பழைய பிளான்களுக்கும், மதக் காரணம் சொல்லி விலக்கு வாங்கிய சில முதலாளிகளுக்கும் இந்த இலவசக் கருத்தடை விதி பொருந்தாது. ஐயுடிக்கு எதுவும் கட்ட வேண்டாம் என்று உங்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதால், அந்த இரண்டிலும் நீங்கள் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்று, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆறு வருடத்தில் ஏன் மாற்றச் சொல்கிறார்கள்? மிரேனா தொடக்கத்தில் ஐந்து வருடத்துக்குத்தான் அனுமதிக்கப்பட்டது. 2022-ல் கருத்தடைக்காக எட்டு வருடம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நீட்டித்துவிட்டது. அதிக உதிரப்போக்குக்காகப் போட்டிருந்தால் மட்டும் கணக்கு ஐந்து வருடமேதான். நீங்கள் எதற்காகப் போட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கருத்தடைக்கு மட்டும் என்றால், இப்போதே மாற்ற வேண்டுமா, இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பழைய அட்டையில் எழுதிக் கொடுத்த தேதியைப் பார்த்தே கிளினிக்கிலிருந்து கூப்பிட்டிருக்கலாம். பொறுக்கலாம் என்று சொன்னால் இந்த எழுத்து வேலையையெல்லாம் நிதானமாகச் செய்ய உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

எந்த முறையில் செய்தாலும் அன்றைக்குக் கணவரைக் கூடவே வரச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்தால் அன்று நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது, வெறும் ஊசிதான் என்றாலும் முன்பு மயங்கியவர் தனியாகப் போக வேண்டாம். "போன தடவை மயங்கிவிட்டேன்" என்பதை உள்ளே நுழைந்ததும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் தாங்க முடியவில்லை என்றால் "நிறுத்துங்கள்" என்று நீங்கள் சொன்னதும் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் எழுத்தில் என்ன பதில் தருகிறது என்று எனக்கு அனுப்புங்கள். மறுப்பாக இருந்தால் அப்பீல் கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.